காது மெஷின் அலமாரிக்குப் போவது ஏன்?

கேள்வி இது: ரங்கூனில் இருக்கும் மாமனாருக்கு 74 வயது. போன வருஷம் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போன இடத்தில் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிப் போட்டார்கள். ஒரு மாதம் போட்டார், பிறகு கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். கேட்டால், "இரைச்சல்தான் கேட்குது, பேச்சு கேட்கலை" என்கிறார். இது பிடிவாதமா, வெட்கமா, மெஷின் கோளாறா? ரங்கூனில் இருந்துகொண்டே என்ன செய்யலாம்?

பிடிவாதம் என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். வெட்கம் பெரும்பாலும் மெஷின் வாங்குவதைத்தான் தடுக்கும். வாங்கி, ஒரு மாதம் போட்டும் பார்த்தவர் கழற்றி வைக்கிறார் என்றால் காரணம் அநேகமாகக் காதிலும் மெஷினிலும்தான் இருக்கிறது. மெஷின் வாங்கியவர்கள் ஏன் அதைப் போடுவதில்லை என்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மெக்கார்மக், ஃபோர்ட்னம் என்ற இருவர் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் முன்னுக்கு வந்த காரணங்கள் இரண்டு: போட்டும் சொல்லும்படியான பலன் தெரியவில்லை, காதில் சரியாக உட்காரவில்லை. என் கருத்தும் அதுதான். அலமாரியில் தூங்கும் மெஷின்களில் பெரும்பாலானவை பாதியில் நிறுத்தப்பட்ட வேலை. விற்றவர் முதல் நாள் ஓர் அமைப்பை, அதாவது எந்த ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தார். வாங்கியவர் ஊர் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நடக்க வேண்டிய இரண்டு மூன்று திருத்தங்கள் நடக்கவே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, மெஷினால் பயன்பெறக்கூடியவர்களில் சுமார் 17 சதவீதம் பேர்தான் அதைப் போடுகிறார்கள். மீதிப் பேரில் ஏராளமானோருக்கு விலையும் தூரமும் தடை. உங்கள் வீட்டில் அந்த இரண்டையும் தாண்டியாகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது சின்ன வேலைதான், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டியது.

வயதால் வரும் கேட்புக் குறைவு என்ன செய்கிறது என்று தெரிந்தால் அவருடைய புகார் விளங்கும். அது உயர்ந்த சுருதி ஒலிகளை முதலில் கெடுக்கும். பேச்சின் உரப்பில் பெரும்பகுதி உயிரொலிகளில் இருக்கிறது. அவை பெரும்பாலும் கீழ்ச் சுருதி. ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய தடயங்கள் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. ஸ், ஷ் அதற்கும் மேலே போகும். ஆகவே யாரோ பேசுவது அவருக்குக் கேட்கிறது. சொன்னது பட்டா பத்தா, கத்தியா கட்டியா என்பதுதான் விளங்கவில்லை. "சத்தம் கேட்குது, பேச்சு புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு அல்ல, ஆடியோகிராமில் (கேட்புச் சோதனையின் வரைபடத்தில்) இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று, மெல்லிய ஒலி கேட்கும் எல்லை மேலே ஏறிவிடும். ஆனால் தாங்க முடியாத சத்தத்தின் எல்லை அதே அளவுக்கு ஏறாது. நல்ல காதுக்கு இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 100 டெசிபெல் இடம் உண்டு. 60 டெசிபெல்லில் கேட்கத் தொடங்கி 100இல் கூசும் காதுக்கு 40தான். மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார், கொஞ்சம் கத்தினால் "ஏன் கத்துறே?" என்பார். மெஷின் அந்த 40க்குள் உலகத்தின் எல்லாச் சத்தத்தையும் அடக்கித் தர வேண்டும். மெல்லிய ஒலியை நிறையவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்க வேண்டும். இந்த விகிதத்தை ஆளுக்கு ஆள், சுருதிக்குச் சுருதி வைப்பதுதான் ஆடியாலஜிஸ்ட்டின், அதாவது கேட்பைச் சோதித்து மெஷினை அமைத்துத் தரும் நிபுணரின் வேலை. மெஷின் விலையில் பாதி இந்த வேலைக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை நடக்காத மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வெறும் ஒலிபெருக்கிதான்.

இப்போது அந்த "இரைச்சல்" என்ற புகாருக்கு வருவோம். பெரியவர்கள் இப்படிச் சொல்லும்போது குறைந்தது நாலு வேறு கோளாறுகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினைப் போடச் சொல்லி, எப்போது, எந்தச் சத்தம் தொந்தரவு என்று கேளுங்கள்.

பாத்திரம், கரண்டி, செய்தித்தாள் மடிக்கும் சத்தம், குழாய்த் தண்ணீர் இவைதான் தொந்தரவு என்றால், பல வருஷமாகக் கேட்காத உயர்ந்த சுருதி ஒலிகள் திடீரென்று திரும்பி வந்திருக்கின்றன என்று பொருள். தினமும் பல மணி நேரம் போட்டால் மூன்று நாலு வாரத்தில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். அடங்கவில்லை, பாத்திரம் விழுந்தால் முகத்தைச் சுளிக்கிறார் என்றால், உரத்த ஒலிகளுக்கான பெருக்கத்தையும் உச்ச வரம்பையும் குறைக்க வேண்டும். இங்கேதான் வழக்கமான தவறு நடக்கிறது. "இரைச்சல்" என்றதும் மொத்த வால்யூமையும் இறக்கிவிடுவார்கள். இரைச்சலோடு பேச்சும் போய்விடும். அடுத்த முறை அவர் "ஒண்ணும் கேட்கலை" என்பார், மெஷின் அலமாரிக்குப் போய்விடும். திருத்துபவரிடம் "சத்தத்தைக் குறையுங்கள்" என்று சொல்லாதீர்கள். "பாத்திரச் சத்தம் கூசுகிறது, பக்கத்தில் பேசுவது போதவில்லை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தன் குரலே அண்டாவுக்குள் பேசுவது போல இருக்கிறது, மெல்லும் சத்தம் தலைக்குள் இடிக்கிறது என்றால் அது மெஷினின் கோளாறே அல்ல, காது அடைபட்டதன் விளைவு. பேசும்போதும் மெல்லும்போதும் எலும்பு வழியாகக் காதுக் குழாய்க்குள் வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. கீழ்ச் சுருதியில் 20 டெசிபெல் வரைகூடக் கூடும். பர்மாவில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குன்யா (வெற்றிலை பாக்கு) போடுபவர் நாள் முழுக்க மெல்லுகிறார். பாக்கு நொறுங்கும் சத்தம் மூடிய அச்சுக்குள் என்ன பாடு படுத்தும் என்று சென்னையில் மெஷின் வைத்தவர் கேட்டிருக்கவே மாட்டார். ஆடியோகிராமில் 500 ஹெர்ட்ஸில் அவருடைய கேட்பு 30, 35 டெசிபெல்லுக்குள் இருந்தால் துளையுள்ள திறந்த டோம் (காதுக் குழாய்க்குள் போகும் மெத்தென்ற குமிழ் முனை) போட்டாலே இது தீரும். அவர் காதின் வடிவத்துக்கே அச்சு எடுத்துச் செய்த மோல்டு என்றால் அதில் 2 மில்லிமீட்டர் அளவில் காற்றுத் துளை போடலாம். கீழ்ச் சுருதியிலும் குறைவு கடுமையாக இருந்தால் துளையைப் பெரிதாக்க முடியாது. பெருக்கிய ஒலி வெளியே ஒழுகி விசிலடிக்கும். அப்போது கொஞ்சம் சகித்துத்தான் ஆக வேண்டும். அல்லது அச்சை இன்னும் ஆழமாக எடுத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது கீச்சென்ற விசில். மெஷினிலிருந்து போன ஒலி காதிலிருந்து கசிந்து மைக்குக்கே திரும்பினால் விசில் வரும். காதுக்குள் குறும்பி அடைத்திருப்பது, டோம் அளவு சின்னதாக இருப்பது, ஆள் இளைத்துப்போய் மோல்டு தளர்ந்தது, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினின் ட்யூப் மஞ்சளாகி விறைத்துச் சுருங்கியது என்று காரணம் பல. ட்யூபை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நம் வெக்கையில் 3 மாதம் என்றே கணக்கு வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது, மோல்டைச் சரியாக மாட்டாததுதான். மோல்டின் மேல்முனையில் கொம்பு போல ஒரு நீட்டம் இருக்கும். அது காது மடலின் மேல் மடிப்புக்குள் நுழைந்து உட்கார வேண்டும். பெரியவர்கள் கீழ்ப்பகுதியைத் துளைக்குள் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். கொம்பு மடிப்புக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இடது கையால் தலைக்குப் பின்னாலிருந்து காது மடலை மேலே இழுத்து, வலது கையால் மோல்டை நுழைத்து, கொஞ்சம் பின்பக்கமாகத் திருகி, கொம்பை விரலால் உள்ளே அழுத்தச் சொல்லுங்கள். (இது வலது காதுக்கு, இடது காதுக்குக் கைகளை மாற்றிக்கொள்ளலாம்.) சிவப்புக் குறி வலது, நீலம் இடது. சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்துப் போனவருக்கு அது உட்கார்ந்ததா என்று தொட்டுத் தெரியாது. கண்ணாடி முன் நின்று பார்த்து, அல்லது வீட்டில் ஒருவர் தினமும் காலையில் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

நாலாவது, வீட்டில் பரவாயில்லை, கடைத்தெருவிலும் கோயிலிலும் ஒன்றும் புரியவில்லை என்பது. இதில் கொஞ்சம் உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அனவ்ரட்டா ரோட்டு நடைபாதையில் ஜெனரேட்டர் ஓடும்போது நல்ல காதுக்காரருக்கே பேச்சு பாதிதான் விழும். எந்த மெஷினும் அந்தச் சத்தத்திலிருந்து ஒரு குரலை மட்டும் உரித்து எடுத்துத் தராது. எதிரே இருப்பவரின் பேச்சுக்குக் கொஞ்சம் முன்னுரிமை தருவதற்காகப் பெரும்பாலான மெஷின்களில் முன்னும் பின்னுமாக இரண்டு மைக் துளைகள் இருக்கும். அதில் ஒன்று அடைத்துக்கொண்டால் அந்த வசதி செத்துவிடும். மெஷின் வேலை செய்வது போலவே இருக்கும், கூட்டத்தில் மட்டும் கைவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய், கன்னத்தில் தனக்கா (பர்மாவில் பூசும் மரப்பட்டைக் குழம்பு), முகத்தில் பவுடர் மூன்றும் அந்தத் துளைகளுக்கு எதிரி. ஆண்கள் தனக்கா பூசுவது குறைவு. நாளைக்கு மாமியாருக்கு மெஷின் வாங்கினால் இதை நினைவில் வையுங்கள். எண்ணெய், தனக்கா எல்லாம் பூசி, காய்ந்து, கை கழுவிய பிறகுதான் மெஷின். துளைகளை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால், மெஷினைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டித் துடைக்க வேண்டும். ஊசியோ குச்சியோ கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, கால் காசு செலவில்லை. அவருக்கு 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். ஒவ்வொரு காதாக மெஷின் போட்டுச் சோதியுங்கள். ஷ், ஸ் மட்டும் விழவில்லை என்றால் ஒலி வெளிவரும் முனையில் இருக்கும் குறும்பி வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது உயர்ந்த சுருதிக்குப் பெருக்கம் போதவில்லை. ஆறும் மங்கல் என்றால் பேட்டரி, ட்யூபில் நீர், அல்லது காதுக்குள்ளேயே குறும்பி. வடிகட்டியை மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். அது குண்டூசித் தலை அளவு வெள்ளைத் துண்டு; மாற்றுக் குச்சியின் ஒரு முனை பழையதை இழுக்கும், மறுமுனை புதியதைப் பொருத்தும். "செத்துப்போச்சு" என்று கடைக்கு வரும் மெஷின்களில் கணிசமானவை இந்த வடிகட்டி மாற்றியதும் உயிர் பெறுபவை.

அடுத்து, பட்டு, பத்து, கத்தி, கட்டி, சட்டி, தட்டு, பஞ்சு, மஞ்சள், கயிறு, வயிறு என்ற மாதிரி 20 தமிழ்ச் சொற்களை எழுதி வைத்து, மெஷின் இல்லாமல் எத்தனை, போட்டு எத்தனை சரி என்று குறியுங்கள். அமைதியான அறையில் போட்டும் ஒன்றிரண்டுதான் கூடுகிறது என்றால் அமைப்பில்தான் குறை. அந்தத் தாளையே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். ரங்கூனில் சொல் சோதனை செய்தால் பர்மியச் சொற்களில் செய்வார்கள். வீட்டில் தமிழே பேசும் பெரியவருக்கு அந்த மதிப்பெண் அவருடைய காதைக் காட்டாது, மொழிப் பழக்கத்தையும் சேர்த்துக் காட்டும்.

மொழி இன்னொரு இடத்திலும் குறுக்கே வரும். மெஷினுக்கு எந்தச் சுருதியில் எவ்வளவு பெருக்கம் என்று கணக்குப் போட உலகெங்கும் பலரும் பயன்படுத்தும் சூத்திரம் ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்.ஏ.எல்.-என்.எல்.2. அதில் ஆளின் வயது, பாலினம், புதியவரா பழையவரா என்பதோடு, அவர் பேசுவது தொனி மொழியா, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறும் மொழியா இல்லையா என்றும் ஒரு கட்டம் உண்டு. பர்மியம் தொனி மொழி, தமிழ் அல்ல. தொனி மொழி என்று குறித்தால் கீழ்ச் சுருதிக்குக் கொஞ்சம் கூடுதல் பெருக்கம் கிடைக்கும். வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் மாமனார் வீட்டில் தமிழும் கடையில் பர்மியமும் பேசுபவர் என்று சொல்லிவிடுங்கள். எதில் அதிகம் தடுமாறுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைவிட முக்கியம், போட்ட அமைப்பு உண்மையில் செவிப்பறைக்குப் போய்ச் சேர்கிறதா என்று அளப்பது. மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் முன்வரை விட்டு, மெஷினைப் போட்டு, 55, 65, 80 டெசிபெல்லில் பேச்சு ஒலியை ஒலிக்கவிட்டு அளப்பார்கள். கம்பெனி மென்பொருள் முதலில் போடும் அமைப்பு உயர்ந்த சுருதியில் தேவைக்குக் குறைவாகவே நிற்பது சகஜம். இந்த அளவீடு செய்யும் இடம் இருந்தால் கொஞ்சம் தூரம் என்றாலும் அங்கே போவது லாபம்.

ஆனால் போகும் முன் ஒரு கேள்வியைப் போனில் கேட்டுவிடுங்கள்: இந்தக் கம்பெனி, இந்த மாடலுக்கான மென்பொருள் உங்களிடம் இருக்கிறதா? ஃபோனாக்குக்கு டார்கெட், ஓட்டிக்கானுக்கு ஜீனி, சிக்னியாவுக்குக் கனெக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. வெளியூரில் சில கடைத்தொடர்கள் தங்கள் பெயரில் விற்கும் மெஷின்களைப் பூட்டி வைத்துவிடும். வேறு யாராலும் திறக்க முடியாது. வாங்கிய கடைக்கு எழுதி, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆடியோகிராம் நகலையும் தற்போதைய அமைப்பின் அச்சுப் பிரதியையும் அனுப்பச் சொல்லுங்கள். மாடல் ஒத்துழைத்தால் போன் ஆப் வழியாகத் தூரத்திலிருந்தே திருத்தலாம். நம் இணையத்தைப் பொறுத்த விஷயம் அது. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் பாதியில் நிற்கும், அதனால் இணைப்பு நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

சீதோஷ்ணம். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை ரங்கூன் காற்றில் துணியே காயாது. மெஷின் எப்படிக் காயும்? உடம்புச் சூடும் வெளி ஈரமும் சேர்ந்து ட்யூபுக்குள் நீர்த்துளி கட்டும். ஒரு சொட்டு போதும், ஒலி விட்டு விட்டு வரும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, பேட்டரியை வெளியே எடுத்து, துடைத்து, சிலிக்கா ஜெல் 30 முதல் 50 கிராம் போட்ட இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் மெஷினை மட்டும் வையுங்கள். பேட்டரியை உள்ளே வைத்தால் அதன் ஈரமும் உறிஞ்சப்பட்டுச் சீக்கிரம் தீரும். ஜெல் மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சமைக்கும் வாணலி வேண்டாம். நனைந்த மெஷினை அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் இருக்கிறது. தவிடும் மாவும் மைக் துளைக்குள் போகும், காய்வதும் சுமார்தான். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் பசையை உருக்கும். ஏப்ரலில் சித்திரைப் பிறப்பும் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும். அந்த நாலு நாளும் தெருவில் இறங்கினால் மெஷின் வீட்டில். பெட்டியில் தண்ணீர் புகாது என்று போட்டிருப்பது வியர்வைக்கும் தூறலுக்கும்தான். வாளித் தண்ணீருக்கு அதை நம்பாதீர்கள். மோல்மேன் பக்கம் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறவர் ஹெல்மெட் மாட்டும் முன் கழற்ற வேண்டும். ஹெல்மெட்டோடு சேர்ந்து வந்து ரோட்டில் விழுந்த மெஷின் திரும்பக் கிடைப்பதில்லை.

பேட்டரி. ஸ்டிக்கர் மஞ்சள் என்றால் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. இவை காற்றை உள்ளிழுத்து வேலை செய்பவை. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மாட்டாமல் 1 நிமிடமாவது, முடிந்தால் 5 நிமிடம் வெளியே விடுங்கள். உரித்ததை மறுபடி ஒட்டினாலும் ஆயுள் கரைவது நின்றுவிடாது. 675 கிடைக்கவில்லை என்று கடிகாரக் கடையில் எல்.ஆர்.44 வாங்கிப் போடுபவர்கள் உண்டு. அளவு ஒன்றேதான், கதவும் மூடும். ஆனால் அதில் இருக்கும் மின்சாரம் 675இல் இருப்பதில் கால் பங்கு கூட வராது. இரண்டு நாளில் மங்கும், குறை மெஷின் மேல் விழும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பழைய பேட்டரிகளை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

சார்ஜ் செய்யும் மாடலாக இருந்தால் கரண்ட் கட் பெரிய தலைவலி. முழுச் சார்ஜுக்கு 3 முதல் 4 மணி நேரம் வேண்டும், அதில் ஒரு நாள் முழுக்க ஓடும். மெஷினும் சார்ஜர் பெட்டியும் இழுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். 10,000 மில்லியாம்பியர் பவர் பேங்க் ஒன்று பல இரவுகளுக்குத் தாங்கும். சுவரில் நேராகச் செருகாமல் எப்போதும் பவர் பேங்க் வழியாகவே சார்ஜ் செய்தால், கரண்ட் திரும்பி வரும்போது எகிறும் வோல்டேஜிலிருந்தும் தப்பலாம். இனி வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு: கரண்ட் ஒழுங்கில்லாத ஊரில் 13 அல்லது 675 பேட்டரி போடும், காதுக்குப் பின்னால் மாட்டும் கொஞ்சம் பெரிய மெஷின். வெளியே தெரியக்கூடாது என்று காதுக்குள் மறையும் குட்டி மெஷினைக் கேட்பவர்கள் மழைக்காலத்தில் அதற்கு விலை கொடுப்பார்கள். குறும்பியும் ஈரமும் அங்கேதான் அதிகம், 10 நம்பர் பேட்டரி ஒரு வாரம் தாண்டாது, நடுங்கும் விரலுக்கு அது பிடிபடவும் செய்யாது.

சட்டைப் பையில் வைக்கும் பாக்கெட் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியாலஜிஸ்ட்டுகள் முகத்தைச் சுளிப்பார்கள். துணி உரசும் சத்தம் வரும், அமைப்பு முரடு, பல மாடல்கள் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பெருக்கிக் காதைக் கூச வைக்கும். ஆனாலும் பெரிய குமிழ், எங்கும் கிடைக்கும் பென்சில் செல், கீழே விழுந்தால் தேட வேண்டியதில்லை. படுக்கையில் இருக்கும் 85 வயதுக்காரருக்கு, வீட்டுக்குள் இரண்டு பேரோடு பேச, அது போதும். உங்கள் மாமனாருக்கு அது வேண்டாம்.

எல்லாம் சரிசெய்த பிறகு மறுபடி போட வைப்பது எப்படி? முதல் வாரம் காலையில் 2, 3 மணி நேரம், வீட்டுக்குள், ஒருவரோடு பேசும்போது மட்டும். இரண்டாம் வாரம் டிவியும் சாப்பாட்டு நேரமும். மூன்றாம் வாரம் டீக்கடை. கூட்டமான கல்யாணமும் ஒலிபெருக்கி கட்டிய திருவிழாவும் கடைசியில்தான். பலர் முதல் நாளே கல்யாணத்துக்குப் போட்டுப் போய் வெறுத்துவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் போட்டார் என்பதை மெஷினே கணக்கு வைக்கும். திருத்தப் போகும்போது அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாளுக்கு 1 மணி நேரம் என்று காட்டினால் அமைப்பை மாற்றிப் பிரயோசனமில்லை, முதலில் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. மெஷின் போட்டவரிடம் கத்தாதீர்கள். கத்தினால் மெஷின் அந்த ஒலியை அமுக்கும், பேச்சின் உருவம் கெடும், அவருக்குக் கூசும். அடுப்படியிலிருந்து கூப்பிடாமல் 1, 2 மீட்டருக்குள் வந்து முகம் பார்த்துப் பேசுங்கள். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த மெஷினும் கைகொடுக்காது, பேச்சை ஒத்தி வையுங்கள்.

மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று பயமுறுத்தி விற்பதும், பயமுறுத்திப் போட வைப்பதும் இப்போது நடக்கிறது. 2023இல் வெளிவந்த அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை 3 வருஷம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால், மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் அறிவுத்திறன் குறைவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் அந்தக் குறைவு 48 சதவீதம் மெதுவானது. நல்ல செய்திதான், மிரட்டும் அளவுக்கு இல்லை. மாமனாரிடம் அதைச் சொல்வதைவிட, அவருக்கு எந்த ஒரு விஷயம் கேட்காமல் போவது வருத்தமாக இருக்கிறது என்று கேளுங்கள்: பேரன் பேச்சா, டீக்கடை அரட்டையா, கோயிலில் பாடும் தேவாரமா? திருத்தத்தை அதற்காகவே செய்யச் சொல்லுங்கள். தனக்குக் குறை இருக்கிறது என்று தானே உணர்ந்தவர்தான் மெஷினைத் தொடர்ந்து போடுவார். வீட்டார் நச்சரிப்பால் வாங்கியவர் போடுவது அரிது.

மெஷினைத் தொடும் முன் டாக்டரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. காதில் சீழ் வடிந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும். சீழ் உள்ள காதை மோல்டால் மூடினால் புண்ணும் கூடும், மெஷினும் பாழ். ஒரே காது மட்டும் கேட்கவில்லை, அல்லது ஒரு காதில் மட்டும் ஓயாத ரீங்காரம் என்றால் காரணம் தேட வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று கேட்பு போனால் அது அவசரம். முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீள நல்ல வாய்ப்பு. காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள், குறிப்பாக அமிகாசின், கனமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், உயர்ந்த சுருதிக் கேட்பை இழப்பது உண்டு. அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுப்பது நல்லது.

திருத்தம் எல்லாம் முடிந்தும், ஒலி நன்றாகக் கேட்டும், அமைதியான அறையில் சொற்களில் பாதிகூடப் புரியவில்லை என்றால் உள்காது நரம்புப் பக்கம் சேதம் அதிகம். அப்போது மெஷின் ஒரு துணைதான். உதட்டைப் பார்ப்பது, எழுதிக் காட்டுவது, போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதி எல்லாம் சேர வேண்டும். இரண்டில் ஒரு காதில் சொற்கள் தெளிவாக விழுகின்றன என்றால் அந்த ஒன்றை மட்டும் நன்றாக அமைத்துப் போடலாம். மோசமான இரண்டைவிட ஒழுங்கான ஒன்று மேல்.

கடைசியாக, சாமான் இருப்பு. இங்கே இறக்குமதி எப்போது வரும் என்று நம்பி இருக்க முடியாது. சென்னையிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ யாராவது வரும்போது சொல்லி அனுப்புங்கள். வடிகட்டி 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று தேவை, இரண்டு காதுக்கும் வருஷத்துக்கு 50. டோம் 2 மாதத்துக்கு ஒரு ஜோடி, ஆக 12. அளவு எண்ணைப் பழைய டோமில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி 312 என்றால், ஒன்று ஒரு வாரம் என்ற கணக்கில் இரண்டு காதுக்கும் வருஷத்துக்கு 104. 6 பேட்டரி உள்ள அட்டை 18. மொத்தமாக வாங்காமல் 6 மாதத்துக்கு 9 அட்டையாக, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம், வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.